தலைவர் காதுக்கு எட்டும் செய்தி: ஆட்சியில் பரிவும் அவையில் நாகரிகமும்

அசோகர் தம் ஆறாவது பெரும்பாறைக் கல்வெட்டில் ஒரு நிர்வாக ஏற்பாட்டை அறிவிக்கிறார். மக்களின் விவகாரங்கள் எந்நேரமும் அரசனிடம் வந்துசேரும் வழக்கம் முன்பு இருந்ததில்லை, இனி இருக்கும். தாம் உண்டுகொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், பல்லக்கில் போய்க்கொண்டிருந்தாலும், தோட்டத்தில் இருந்தாலும் மக்களைப் பற்றிய செய்தியை உடனே கொண்டுவந்து சொல்லலாம் என்கிறார். தாம் வாய்மொழியாக இட்ட ஓர் ஆணையைப் பற்றி அமைச்சர் அவையில் வாக்குவாதம் எழுந்தால், அதையும் காலம் தாழ்த்தாமல் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஒரு பேரரசின் உச்சியில் இருந்தவர் தம் ஆணைக்கு எழும் எதிர்ப்பைக் கேட்கத் தாமே ஏற்பாடு செய்கிறார்.

அசோகரின் கருணை என்றதும் கலிங்கப் போரும் அதன்பின் வந்த மனமாற்றமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஆள்பவரின் பரிவு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் போருக்காக வருந்தும் பதின்மூன்றாம் கல்வெட்டைவிட இந்த ஆறாம் கல்வெட்டையே நான் முதலில் காட்டுவேன். பதின்மூன்றாவது நடந்து முடிந்த கொடுமையைக் கணக்கிடுகிறது: ஒன்றரை லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கினர் மடிந்தார்கள். அதே கல்வெட்டில் காட்டுவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. வருந்துகிற மன்னனிடம் தண்டிக்கும் வலிமையும் உண்டு என்கிறது. ஆறாவதோ அடுத்த கொடுமை நடக்கும்போதே அதைத் தெரிந்துகொள்ள வழி செய்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. வருத்தம் தெரிவிக்கும் அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு, அடிபட்ட கலிங்க மண்ணில் பொறிக்கப்படவில்லை. தவுலியிலும் ஜௌகடாவிலும் அதற்குப் பதிலாக வேறு இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மன்னர் தம் அதிகாரிகளிடம் பேசுகிறார். மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள். எவரும் காரணமின்றிச் சிறைப்படவோ வதைபடவோ கூடாது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், சலிப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு நீதி வழங்க முடியாது. தோற்றுப்போன மக்களுக்கு மன்னரின் வருத்தத்தைவிட, அதிகாரியின் அவசரத்துக்குப் போட்ட இந்தக் கடிவாளம் கூடுதலாகப் பயன்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பரிவு என்றால் மென்மையான சுபாவம் என்று எடுத்துக்கொள்கிறோம். தலைவரிடம் அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் திறமை இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கறாரான ஆள்தான் காரியம் சாதிப்பார் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு உண்மை வந்துசேரும் வழியே பரிவுதான். எரிந்து விழும் தலைவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் வராது. முதலில் சின்னத் தவறுகள் மறைக்கப்படும், பிறகு பெரியவை. தம்மைச் சுற்றி என்ன நடக்கிறது என்று மிகக் குறைவாக அறிந்தவர் அந்தத் தலைவராகத்தான் இருப்பார்.

வள்ளுவர் இதை எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார் என்பது திருக்குறளின் அதிகார வரிசையைக் கவனித்தால் தெரியும். அருளுடைமை அறத்துப்பாலில் இருக்கிறது. கண்ணோட்டமோ, அதாவது பரிவு காட்டுதலோ, பொருட்பாலில், அரசியல் என்னும் இயலில், 58ஆம் அதிகாரமாக வருகிறது. அதற்கு முன்னால் 57ஆவது வெருவந்த செய்யாமை, அதாவது குடிமக்கள் அஞ்சும்படி நடவாதிருத்தல். அதற்குப் பின்னால் 59ஆவது ஒற்றாடல், அதாவது நாட்டு நடப்பை அறிதல். அச்சுறுத்தாமைக்கும் செய்தி அறிவதற்கும் நடுவே பரிவு நிற்கிறது. இந்த வரிசையைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. காரியம் கெடாதபடி கண்ணோட வேண்டும் என்ற நிபந்தனையையும் வள்ளுவர் அதே அதிகாரத்தில் விதிக்கிறார். காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்று இறைமாட்சியில் சொல்கிறார்.

அச்சம் எதை மறைக்கிறது

'பரிவான தலைமை' என்ற பேச்சு அண்மைக் காலத்தில் இவ்வளவு பரவியதற்கு ஒரு மருத்துவமனையின் கதையும் காரணம். இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் அறக்கட்டளை நிர்வகித்த ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில், 2005-க்கும் 2009-க்கும் இடையில் நோயாளிகள் பட்ட பாடு பின்னர் பொது விசாரணையில் வெளிவந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்தவர்கள் உண்டு. அழுக்கடைந்த படுக்கையில் மணிக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. நிர்வாகத்தின் கவனமோ நிதிக் கணக்கிலும் மேலிடம் நிர்ணயித்த இலக்குகளிலும் இருந்தது. குறைகளைச் சொன்ன ஊழியர்களின் குரல் எடுபடவில்லை, சிலர் மிரட்டப்பட்டார்கள். ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அதே ஆண்டு டான் பெர்விக் தலைமையில் அமைந்த குழு, அச்சம் பாதுகாப்பையும் முன்னேற்றத்தையும் சேர்த்தே நஞ்சாக்குகிறது என்று எழுதியது. அந்த மருத்துவமனையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் கண்டதை மேலே சொல்ல வழியில்லாத இடத்தில், நல்லவர்களும் காணாதவர்கள்போல நடக்கப் பழகிவிடுகிறார்கள்.

ஒரு கடுஞ்சொல் எவ்வளவு தூரம் பாயும் என்பதை நெருக்கமாகக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து நடத்தப்பட்டு, 2015-இல் வெளியானது. ஒவ்வொரு குழுவிலும் மருத்துவரும் செவிலியர்களும் இருந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடல்நிலை திடீரென்று மோசமாவதாக ஒரு பயிற்சிச் சூழல் அமைக்கப்பட்டது. குடலைத் தாக்கும் ஆபத்தான நோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் உங்களைக் கவனிக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லப்பட்டது. சில குழுக்களிடம் அந்த நிபுணர் நடுநிலையாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம், இஸ்ரேலிய மருத்துவத்தைப் பற்றி இளக்காரமாகச் சில வார்த்தைகள் சொன்னார். கத்தவில்லை, திட்டவில்லை. எதிரே இருந்தவர்களின் வேலையைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை.

அதற்கே விளைவு தெரிந்தது. எந்தக் குழு எதைக் கேட்டது என்று அறியாத மூன்று நடுவர்கள் காணொளிகளைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். இளக்காரத்தைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் பின்தங்கின, சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஏன் என்று ஆராய்ந்தபோது, அவர்கள் தங்களுக்குள் தகவலைப் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்திருந்தது தெரிந்தது. என்னை உலுக்கிய இடம் இதுதான். அவமதித்தவர் வெளியாள். ஆனால் பேச்சு வற்றிப்போனது சக ஊழியர்களுக்கு நடுவே. அங்கே படுக்கையில் இருந்தது பயிற்சிப் பொம்மை என்பதால் யாருக்கும் தீங்கில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு. நல்ல தலைமை உள்ள மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து அவர் தொடங்கினார். பதிவேடுகள் தலைகீழாகச் சொல்லின: நல்ல பிரிவுகளில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஊழியர்கள் அஞ்சவில்லை. குற்றமே பதிவாகாத காவல் நிலையம், புகாரே வராத அலுவலகம், கேள்வியே எழாத கட்சிக் கூட்டம் ஆகியவற்றைப் பார்த்து மகிழ்கிற தலைவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

கண்ணீருக்குப் பிறகு

பிரிட்டிஷ் சுகாதாரத் துறையில் பரிவான தலைமையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் மைக்கேல் வெஸ்ட் அதை நான்கு செயல்களாகப் பிரிக்கிறார்: கவனித்தல், புரிந்துகொள்ளல், உணர்தல், உதவுதல். பெரும்பாலான தலைவர்கள் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். துயரப்பட்டவரைக் கட்டித் தழுவும் புகைப்படம் கிடைத்துவிடுகிறது. முதலாவதான கவனித்தல் புகைப்படத்தில் வராது. நான்காவதான உதவுதலுக்கு அரசாணையும் நிதியும் வேண்டும்.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் இறந்தார்கள். தலையில் துணி போர்த்தி, துக்கத்தில் இருந்தவர்களை அணைத்துக்கொண்ட பிரதமர் ஜசிந்தா ஆர்டனின் படம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. கொலைகாரனின் பெயரை ஒருபோதும் உச்சரிக்க மாட்டேன் என்று அவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். படத்தோடு நின்றிருந்தால் அதை இங்கே எடுத்திருக்க மாட்டேன். ஏப்ரல் 10 அன்று, 26 நாளில், பெரும்பாலான பாதித் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. எதிர்க்கட்சியும் சேர்ந்தே வாக்களித்தது. மக்களிடமிருந்த துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

ஆனால் அந்தக் கதைக்கு அடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைய அறிக்கை, பாதுகாப்பு அமைப்புகள் தங்கள் கவனத்தை ஏறக்குறைய முழுவதும் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மேலேயே குவித்திருந்தன என்று கண்டது. தங்களுக்கு எதிராக வளர்ந்துவந்த வெறுப்பைப் பற்றி முஸ்லிம் பெண்கள் அமைப்பினர் தாக்குதலுக்கு முன்பே அரசிடம் முறையிட்டிருந்தார்கள். அந்த முறையீட்டுக்குத் தக்க பலன் இருக்கவில்லை. அந்தக் கவனம் வேறுவிதமாக இருந்திருந்தால் கொலைகாரனைத் தடுத்திருக்க முடியும் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆயினும் ஆர்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சாவு வீட்டில் நிற்கும் பரிவு எல்லோருக்கும் தெரிகிறது. முறையிட வந்தவரை உட்காரவைத்துக் கேட்கும் பரிவு அதற்கு முன்பே தேவைப்பட்டிருந்தது.

தலைவரின் கண்ணீரைப் பற்றி டெஸ்மண்ட் டுட்டு ஒரு முடிவுக்கு வந்தார். நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த, தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு அவர் தலைவராக இருந்தார். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை நடந்தபோது, சக்கர நாற்காலியில் வந்த ஒரு முதிய போராளி தாம் பட்ட சித்திரவதையைச் சொல்ல முயன்று உடைந்து அழுதார். டுட்டுவும் தாங்க முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார். ஊடகங்களின் கவனம் பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டுத் தம் பக்கம் திரும்பியதைக் கண்டு, பொது விசாரணையில் இனி அழக்கூடாது என்று அவர் தீர்மானித்தார். உணர்ச்சி மிகுந்த அந்தப் பேராயர் தம்மை அடக்கிக்கொண்டது எனக்கு அழுததைவிடப் பெரிய பரிவாகப் படுகிறது. கேட்க வேண்டிய இடத்தில், கேட்பவரின் துயரம் சொல்பவரின் துயரத்தை மறைத்துவிடக் கூடாது.

அவை விதிகள் யாரைக் காக்கின்றன

பரிவு தலைவரின் பக்கத்துக் கடமை என்றால், நாகரிகம் பொதுவாழ்வில் இருக்கும் எல்லோருக்குமான கடமை. பேச்சு முறிந்துபோகாமல் இருப்பதற்காக ஏற்படுத்திக்கொண்ட கட்டுப்பாடு அது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நேரடியாக விளிக்காமல் அவைத்தலைவரை நோக்கியே பேச வேண்டும் என்ற விதியைப் பலரும் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் அப்படி நினைக்கவில்லை. 1863-இல் ஒரு திருச்சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது, கூட்டத்தை எப்படி நடத்துவது என்று தெரியாமல் அவர் திணறிப்போனார். பிறகு படித்தும் தொகுத்தும் 1876-இல் அவர் வெளியிட்ட கூட்ட விதிகள் இன்றும் ஆயிரக்கணக்கான சங்கங்களில் நடைமுறையில் உள்ளன. தீர்மானத்தைத் தாக்கலாம், அதைக் கொண்டுவந்தவரின் உள்நோக்கத்தைத் தாக்கக் கூடாது என்பது அவற்றின் உயிர்நாடி.

இந்தக் கட்டுப்பாடு அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1856 மே 22 ஒரு சாட்சி. அமெரிக்க செனட் அவையில் தம் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சார்ல்ஸ் சம்னரை, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி உடையும்வரை அடித்தார். இரண்டு நாள் முன்பு சம்னர் அடிமை முறையை எதிர்த்து ஆற்றிய உரையில், புரூக்ஸின் உறவினரான செனட்டரை இழித்துப் பேசியிருந்தார். சம்னர் அவைக்கு முழுமையாகத் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேலாயிற்று. புரூக்ஸ் பதவி விலகி, மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆதரவாளர்கள் அவருக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். ஐந்தே ஆண்டில் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது.

இதைச் சொல்லி, சம்னர் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாமே என்று முடிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதே நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை 1836 முதல் 1844 வரை அடிமை முறை பற்றிய மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கி வைத்திருந்தது. அவை அமைதி கெடும் என்பதுதான் சாக்கு. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஒரு சாதாரண உறுப்பினராக அமர்ந்து, அந்த வாய்ப்பூட்டை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். அவர் மீதே கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. லட்சக்கணக்கானோர் விலங்கிடப்பட்டிருந்த நாட்டில் அவை மட்டும் எட்டு ஆண்டு நாகரிகமாக இருந்தது. அப்படிப்பட்ட நாகரிகம் அநீதிக்கு வாயில்காப்போனாக நிற்பது.

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதமும் இந்த வகை நாகரிகத்துக்கு எதிரானதுதான். ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலம் கனியவில்லை என்று எட்டு மதத் தலைவர்கள் அறிக்கை விட்டிருந்தார்கள். நீதியைவிட ஒழுங்கைப் பெரிதாக மதிக்கும் வெள்ளையின மிதவாதிதான் தமக்குப் பெரிய ஏமாற்றம் என்று கிங் பதில் எழுதினார். அதே கடிதத்தின் நடை எவ்வளவு நிதானமானது என்பதையும் பார்க்க வேண்டும்: எதிராளிகளின் நல்லெண்ணத்தை ஒப்புக்கொண்டு தொடங்கி, வாதத்துக்கு வாதம் பதில் சொல்கிறது. நாகரிகமாகப் பேசு என்ற கோரிக்கை எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. மேலிருப்பவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டால் அது கட்டுப்பாடு. அதையே அடிபட்டவரிடம் முதல் நிபந்தனையாக வைத்தால், அவர் சொல்ல வந்த செய்தி மேலே போய்ச் சேராது.

நாகரிகம் கொள்கையை நீர்த்துப்போகச் செய்யும் என்ற அச்சத்துக்குப் பெரியாரும் ராஜாஜியும் பதில். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் தீவிரமாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பின் அலையில் 1954-இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். போராட்டத்தில் தயவுதாட்சண்யம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் தம் சொந்த வாழ்வின் முக்கியமான முடிவுகளில் பெரியார் கலந்துபேசிய நண்பர்களில் ராஜாஜியும் ஒருவர். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த பெரியார் நேரில் வந்து அழுதார்.

தலைவர் தம்மையே கட்டுப்படுத்திக்கொள்வது எப்படி இருக்கும் என்பதற்கு லிங்கனின் ஒரு கடிதம் போதும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை தொடக்கத்தில் கெட்டிஸ்பர்க்கில் வென்ற தளபதி மீட், பின்வாங்கிய எதிரிப்படையை ஆற்றைக் கடந்து தப்பவிட்டார். போரே முடிந்திருக்கலாம் என்ற வேதனையில் லிங்கன் ஜூலை 14 அன்று மீடுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அளவிட முடியாத வருத்தத்தில் இருக்கிறேன் என்றார். எழுதி முடித்து, அனுப்பவில்லை, கையெழுத்திடவுமில்லை என்று உறைமேல் குறித்து உள்ளே வைத்துவிட்டார். மேலிடத்து அதிருப்தியைக் கேள்விப்பட்டு மீட் அன்றே பதவி விலக முன்வந்திருந்தார். விலகலை ஏற்கவில்லை, போர் முடியும்வரை அந்தப் படைக்கு அவரே தளபதியாக இருந்தார். லிங்கன் கோபத்தை முழுமையாக எழுத்தில் இறக்கிய பிறகுதான் அதை அனுப்புவதா என்று யோசித்திருக்கிறார். இன்று ஒரு தலைவருக்குக் கோபம் வந்தால், அது லட்சம் பேரின் கைபேசிக்குப் போய்ச்சேர அரை நிமிடம்கூட ஆவதில்லை.

வசைக்குக் கிடைக்கும் கைதட்டல்

ஏசினால்தான் தொண்டன் உற்சாகமடைவான், வாக்கு விழும் என்பது மேடைகளில் வேரூன்றிய நம்பிக்கை. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அரசியல்வாதி எதிராளியை இழிவுபடுத்திப் பேசும்போது அவருக்கான ஆதரவு குறைவதைக் கண்டது. தீவிர ஆதரவாளர்களிடமும் அது கூடவில்லை. 2005-இல் வெளியான வேறோர் ஆய்வில், நடிகர்களை வேட்பாளர்களாக நடிக்கவைத்து ஒரே விவாதத்தை இரண்டு விதமாகப் படம் பிடித்தார்கள். கருத்துகள் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் மட்டும் இடைமறிப்பும் இளக்காரமும் கலந்திருந்தன. அதைப் பார்த்தவர்களுக்கு அரசியல் அமைப்புகளின் மேலேயே நம்பிக்கை சரிந்தது. ஏசியவர், ஏச்சு வாங்கியவர் என்ற வேறுபாடில்லாமல் மேடை முழுவதற்கும் இழப்பு.

அப்படியானால் வசை ஏன் குறையவில்லை? ஆதரவைக் கொடுக்காவிட்டாலும் அது கவனத்தைக் கொடுக்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு, தன்பாலினத் திருமணம், காலநிலை மாற்றம் ஆகியவை பற்றிய ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்த 2017 ஆய்வு, அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பகிரப்படுவது சுமார் 20 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அந்தப் பகிர்வு பெரும்பாலும் ஒத்த கருத்துடையவர்களுக்கு உள்ளேயே சுற்றியது. சீற்றத்துக்கு விருப்பக்குறி கிடைத்தவர்கள் அடுத்தடுத்த நாள்களில் கூடுதலாகச் சீறக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை அந்த ஆய்வின் முதன்மை ஆய்வாளரும் வேறு சிலரும் 2021-இல் காட்டினார்கள். வெறுப்பு ஒரு பயிற்சி. அதற்கு நாள்தோறும் மதிப்பெண் தரும் இயந்திரம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

இதற்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதில்தான் என் கவலை முழுவதும். நாடாளுமன்றங்களிடை ஒன்றியம் 2016-இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டது. 81.8 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் உளரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொலை, பாலியல் வன்முறை, அடி, கடத்தல் போன்ற மிரட்டல்களைச் சந்தித்ததாக 44.4 சதவீதத்தினர் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூன் 16 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். பிரிப்பவற்றைவிட நம்மை இணைப்பவை அதிகம் என்று தம் முதல் உரையில் சொன்னவர் அவர். வசை எல்லோரையும் சமமாகத் துரத்துவதில்லை. தடித்த தோலுள்ளவர்களும் பாதுகாவலர் படை உள்ளவர்களும் மேடையில் நிலைத்திருப்பார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் பெண்ணும், தன் சமூகத்திலிருந்து முதன்முதலாக அவைக்குள் நுழைந்தவரும் யோசிப்பார்கள், பிறகு ஒதுங்குவார்கள். யாருடைய வாழ்க்கையைப் பற்றி அரசுக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, அவர்களே முதலில் வெளியேறுகிறார்கள்.

பாக்கி நிற்கும் கணக்கு

மறுபடியும் தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் பரிவுக்கும் உண்மைக்கும் உள்ள உறவைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நாடு அது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் பேரம் வெளிப்படையானது: அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு. மறைத்தால் வழக்கு. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்று தெரியாமலிருந்த தாய்மார்கள் சிலருக்கு இடம் தெரிந்தது. தண்டனையால் மட்டும் வெளிவந்திருக்காத உண்மைகள் அவை.

எல்லோரும் அதை ஏற்கவில்லை. காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் உள்ளிட்டோர், நீதிமன்றம் போகும் தங்கள் உரிமையைப் பறித்து அரசு மன்னிக்க முடியாது என்று 1996-இல் வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். அவர்கள் கோபத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவருடைய சொத்து. அதை எடுத்துக் கொடுத்த அரசு, பதிலுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. அரசு 2003-இல் ஆளுக்கு 30,000 ராண்டை ஒரே தடவையாகத் தர முடிவெடுத்தது. மன்னிப்புக் கிடைக்காதவர்கள், கேட்கவே வராதவர்கள் தொடர்பாகச் சுமார் 300 வழக்குகளை ஆணையம் அரசு வழக்குரைஞர்களிடம் ஒப்படைத்திருந்தது. மிகச் சிலவே நீதிமன்றத்துக்குப் போயின.

2025 ஜனவரியில், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து அரசை எதிர்த்து உயர்நீதிமன்றம் போயின. அந்த வழக்குகளை நடத்தவிடாமல் அரசியல் தலையீடு இருந்ததா என்று விசாரிக்க, அதே ஆண்டு அதிபர் சிரில் ராமபோசா ஓர் ஆணையத்தை அமைத்தார். பரிவு காட்டச் சொல்லி மக்களைக் கேட்ட ஆட்சி, தன் பங்கைச் செய்ததா என்ற கேள்விக்கு இப்போதுதான் அது பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது.